மெட்டு ஏறும் ஜீப்பின் அடிவயிறு

பழைய ஜீப் வாங்க வருகிறவர் முதலில் பானட்டைத் தூக்குவார். ஆயில் கேஜை உருவிப் பார்ப்பார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையின் நிறம் பார்ப்பார். "என்ஜின் வேலை செஞ்சு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்பார். குனிந்து அடியில் எட்டிப் பார்க்கிறவர் அபூர்வம். போடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்ஜின் செத்தால் வண்டி நின்றுவிடும். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற இரும்பு செத்தால் வண்டி நிற்காமலே போய்விடலாம். மலைக்குப் போகிறவன் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவதற்கு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் இடம் சொல்லிவிடுகிறேன். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் எல்லாம் மலையடிவார ஊர்கள். மேலே ஏறினால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு. ஏலத்தோட்டம் அங்கே, வேலைக்குப் போகிற ஆள் இங்கே. கொச்சியிலிருந்து தொண்டி போகிற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் போடிமெட்டு என்ற மலைக்கணவாய் வழியாக இறங்குகிறது. போடிப் பக்கம் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியும் முன்பே சோற்று வாளியும் தலைத்துண்டுமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். சாயங்காலம் அதே ஆட்களோடு இறங்கும். இடையில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பது செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். மேலே தோட்டத்திலும் பாதிப்பேச்சு தமிழ்தான்.

இந்த ஜீப்புகளின் அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்ஜின் சுற்றுகிறது. கிளட்ச் அதைப் பிடிக்கிறது, கியர் பாக்ஸ் குறைத்துக் கொடுக்கிறது. அங்கிருந்து பின்னால் போகிற நீளமான குழாய்தான் புரப்பல்லர் ஷாப்ட். பட்டறையில் 'ஜாயின்ட்' என்றாலே போதும். அது போய், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் இரும்புக் கூடான ஹவுசிங்குக்குள் உள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும். பினியன், கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரௌனின் வயிற்றுக்குள் டிபரென்ஷியல். அதன் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பவை ஆக்ஸில்கள். ஆக்ஸிலின் நுனியில் சக்கரம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். சும்மா ஒரு உதாரணத்துக்கு, என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு (சுழற்றும் வலு) தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் அதை நான்கு மடங்காக்குகிறது. ஷாப்ட்டில் இப்போது 480. ஆனால் சுற்று 500 ஆகக் குறைந்துவிட்டது. கிரௌனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் இன்னொரு 5.38 மடங்கு. (போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இந்த விகிதம் 4.88. 1945-ல் வயல் வேலைக்கென்று வந்த சி.ஜே. 2ஏ-ல் 5.38 ஆக்கினார்கள்; வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிய கணக்கு.) ஆக, உராய்வில் போவதை விட்டுவிட்டால் சக்கரத்துக்கு வருவது ஏறத்தாழ 2580. சக்கரம் நிமிடத்துக்கு 93 சுற்றுதான் சுற்றும். அந்த 2580-ஐ இரண்டு ஆக்ஸில்களும் ஆளுக்குப் பாதியாகச் சுமக்கின்றன.

கவனித்தீர்களா? கை பருமனில் குழாயாக ஓடும் ஷாப்ட்டுக்கு 480. ஹவுசிங்குக்குள் ஒளிந்திருக்கும் ஒல்லியான ஆக்ஸில் ஒவ்வொன்றுக்கும் 1290. ஊரே ஷாப்ட்டைப் பார்த்து மலைக்கிறது, உண்மையான பாரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அப்படியானால் ஷாப்ட் ஏன் பருமன், ஆக்ஸில் ஏன் ஒல்லி? முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் தண்டின் மேல்தோல்தான். நடுவில் இருக்கும் இரும்பு சும்மா கூட வருகிறது. ஒரு உருட்டுக் கம்பியின் ஆரத்தில் உள்பாதியைக் குடைந்து எடுத்துவிட்டாலும் அதன் முறுக்குத் தாங்கும் திறனில் 16-ல் ஒரு பங்குதான் போகும். அதனால் வெளியே இடமிருக்கிற ஷாப்ட்டைப் பருமனான குழாயாகச் செய்துவிடலாம். எடை குறையும், நீளம் அதிகமானாலும் வேகத்தில் வில்லாக வளைந்து அடிக்காது. பஸ், லாரி நீளத்துக்கு அதுவும் பத்தாது என்பதால்தான் இரண்டாக வெட்டி நடுவில் சென்டர் பேரிங் வைக்கிறார்கள். ஆக்ஸிலுக்கு அந்த வசதி இல்லை. டிபரென்ஷியல் கியரின் நடுத்துளைக்குள் நுழைய வேண்டும். ஒல்லியாக, நிரப்பாக இருந்தே தீர வேண்டும். அதற்குப் பதிலாக மேல்தோலை மட்டும் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள்.

உடைந்த ஆக்ஸிலை வெல்டு வைத்துக் கடைந்து போடலாமா என்று இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள். அப்படிச் செய்து கொடுக்கிற லேத் பட்டறைகளும் உண்டு. வெல்டிங் சூட்டில் அந்தத் தோல் வெந்து இளகிவிடும், பக்கத்திலேயே நொறுங்குகிற மாதிரி ஒரு வளையம் உண்டாகிவிடும். ஓட்டுகிறவரோடு பின்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்து வருகிறது என்பதால், இந்த வேலைக்கு ஆள் காட்டச் சொன்னால் நான் காட்டுவதில்லை.

ஷாப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற யூ-ஜாயின்ட் கிராஸ் தனிக் கதை. எங்கள் கடையில் ஆயில் சீலுக்கு அடுத்தபடி ஓடுகிற சரக்கு அது. ஹவுசிங் ஸ்பிரிங் பட்டைகளோடு மேலும் கீழும் குதிக்கும், கியர் பாக்ஸ் ஒரே இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் சுற்றும் தண்டு, சுற்றிக்கொண்டே மடங்க வேண்டும். கூட்டல் குறி வடிவில் ஒரு இரும்பு, அதன் நான்கு கைகளிலும் ஊசி பேரிங் போட்ட நான்கு கப், இரண்டு பக்கமும் கவட்டை. இவ்வளவுதான். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய கார்டானோ பெயராலும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில ராபர்ட் ஹூக் பெயராலும் அழைக்கப்படுகிற பழைய யோசனை.

ஆனால் அதில் ஒரு கோளாறு பிறவியிலேயே உண்டு. மடங்கிச் சுற்றும்போது உள்ளே போகிற வேகமும் வெளியே வருகிற வேகமும் சமமாக இருக்காது. 20 டிகிரி மடங்கல் இருந்தால், உள்ளே சீராக 1000 சுற்று கொடுத்தாலும் வெளியே 940-க்கும் 1064-க்கும் இடையே ஆடும். ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். இதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இன்னொரு யூ-ஜாயின்ட். முதலாவது கெடுப்பதை இரண்டாவது திருப்பி எடுத்துவிடும்; ஆனால் ஷாப்ட்டின் இரண்டு நுனிக் கவட்டைகளும் ஒரே திசையில் நிற்க வேண்டும், இரண்டு மடங்கலும் சமமாக இருக்க வேண்டும்.

ஷாப்ட்டின் நடுவில் நீண்டு சுருங்குகிற பல் கோர்ப்பு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் அம்புக்குறி பார்த்துத்தான் திரும்ப நுழைக்க வேண்டும். ஒரு பல் தள்ளி நுழைத்தால் கவட்டைகள் கோணிவிடும்; அப்புறம் என்ன கிராஸ் போட்டாலும் வண்டி அதிரும். அம்புக்குறியைக் கிரீஸும் மண்ணும் மூடியிருக்கும், பையன் துடைத்துப் பார்க்காமல் கோர்த்துவிடுவான், வண்டிக்காரர் மூன்றாம் நாள் எங்கள் கடைக்கு வந்து "நீ குடுத்த கிராஸ் டூப்ளிகேட்டு" என்று சத்தம் போடுவார். "அண்ணே, முதல்ல குறி பாருங்க" என்று சொல்லி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி.

எங்கள் பக்கத்து இன்னொரு பழக்கம், லோடு தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை சேர்ப்பது. பின்பக்கம் தூக்கி நிற்கும், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஷாப்ட்டின் மடங்கல் மாறிவிடும், கிராஸ் சீக்கிரம் போகும். போன கிராஸைத் தெரிந்துகொள்வது லேசு. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் 'டங்' என்று ஒரு அடி. கப்பைச் சுற்றிச் செங்காவிப் பொடி. கழற்றித் துடைத்தால் கிராஸின் கையில் ஊசிகள் பதிந்த வரிகள் வரிசையாகத் தெரியும். நகத்தை ஓட்டினால் தட்டும். கிரீஸ் நிப்பிளில் வேளாவேளைக்கு அடித்திருந்தால் அந்த வரி விழாது.

ஷாப்ட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒரு மேட்டு ரோடுதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1898 டிசம்பர் 24 அன்று, 21 வயது லூயி ரெனோ தான் செய்த சின்னக் காரில் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றின் லெப்பிக் தெருவில், 13 சதவீத ஏற்றத்தில் ஏறிக் காட்டினான். மற்ற கார்கள் பலவும் சைக்கிள் மாதிரி செயின் போட்டு ஓடிய காலம். இவன் செயினைத் தூக்கிவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து பின்ஆக்ஸிலுக்கு நேராக ஷாப்ட் விட்டிருந்தான். பார்த்தவர்கள் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள். நம்ம மெட்டு டிரைவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் "பின்னாடி ஆள் ஏத்திக் காட்டு" என்றிருப்பார்கள்.

இனி டிபரென்ஷியல். கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் என்றால், முழுசாகத் திரும்பும் ஒரு வளைவில் வித்தியாசம் ஏறத்தாழ 4 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, 4 மீட்டர்தான். வட்டக் கணக்கு அப்படி. இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் கட்டியிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் அந்த 4 மீட்டரைத் தேய்த்துக்கொண்டே போகும். இல்லையென்றால் கம்பி முறுக்கிக்கொண்டு உடையும்.

நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏர்க்காலில் ஒரு கட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மாடு. ஒரு மாடு அரை அடி முந்தினால் இன்னொன்று பிந்தும். நுகம் சாயும், நடுக்கட்டு இரண்டின் சராசரியில் போகும். முந்தினாலும் பிந்தினாலும் இரண்டு கழுத்திலும் பாரம் சமம். டிபரென்ஷியல் செய்வதும் இதையேதான். நுகத்தை வட்டமாக்கிப் பல் வைத்த மாதிரி. பிரான்ஸில் பெக்கர் என்ற கடிகாரக்காரர் 1820-களிலேயே நீராவி வண்டிக்காக இதைச் செய்துவிட்டார்.

'இரண்டு பக்கமும் பாரம் சமம்' என்பதில்தான் வில்லங்கம். தோட்டத்துக்குள் மண் ரோட்டில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றினால் அதற்கு வேண்டிய முறுக்கு சொற்பம். சமம் என்பதால் காய்ந்த தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். ஒன்று பேயாய்ச் சுற்றும், மற்றது அசையாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பயனில்லை. கல்லைப் போட்டோ கிளையை வெட்டிப் போட்டோ வழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு கொடுத்தால்தான் மறுபக்கமும் உயிர் பெறும். சக்கர பிரேக்கை லேசாகப் பிடித்தாலும் பலன் உண்டு. இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தானே செய்கிறது.

இதுவரை சொன்னது ஏற்றக் கதை. இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

இரண்டாவது கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு இறங்கும்போது வண்டியை என்ஜின் பிடித்துக்கொண்டு வருகிறது. அதாவது அதே பாதையில் வேலை தலைகீழாக நடக்கிறது. சக்கரம் ஆக்ஸிலை முறுக்குகிறது, ஆக்ஸில் கிரௌனை, கிரௌன் பினியனை, பினியன் ஷாப்ட்டை. கிரௌன் பல்லின் ஒரு முகம் ஏற்றத்தில் தேய்கிறது, மறுமுகம் இறக்கத்தில் தேய்கிறது. மிதிக்கும்போது ஹவுசிங் கத்துகிறதா, காலை எடுக்கும்போது கத்துகிறதா என்று நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது அதனால்தான். கியர் பாக்ஸ் ஆயிலையே ஹவுசிங்குக்கும் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பினியன் கிரௌனின் மையத்துக்குக் கீழே இறங்கிக் கடிக்கும் அமைப்பில் பற்கள் உருளுவதோடு வழுக்கவும் செய்யும். அதற்கென்றே கந்தகச் சேர்மானம் உள்ள ஜி.எல். 5 ஆயில். அந்தப் பழைய ஆயிலை இறக்கும்போது வரும் நாற்றம் சட்டையைத் துவைத்தாலும் போகாது.

போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் சொன்னது இது: "கியர்லதான்யா இருந்துச்சு. திடீர்னு என்ஜின் சத்தம் அடங்கி லேசாயிருச்சு. வண்டி மட்டும் தள்ளிட்டுப் போகுது." கால் பிரேக் கேட்டது, நிறுத்திவிட்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தால் வண்டி மறுபடி நகர்கிறது. ஆட்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் நின்றது.

இடது ஆக்ஸில் கட். நுகத்தில் ஒரு மாட்டைக் கட்டிய கயிறு அறுந்துபோனால் இன்னொரு மாடு எவ்வளவு இழுத்தாலும் நுகம் சும்மா சுழன்றுபோகும் இல்லையா? அதே கதி. ஒரு ஆக்ஸில் போனால் மறுபக்கத்துச் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் உள்ள உறவும் அந்த நொடியே போய்விட்டது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாப்ட்டைப் பிடிக்கும். ஷாப்ட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இப்போது சக்கரங்களுக்கு அது பொருட்டில்லை. கியர், ஹேண்ட் பிரேக் என்று இரண்டு காவல் இருப்பதாக நினைத்து ஓட்டுகிறோம். இரண்டும் தொங்குவது ஒரே ஆக்ஸிலில். முன்சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தால் இன்னொரு வழி இருந்திருக்கும். இந்த வண்டியில் மைலேஜுக்காக முன் ஷாப்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார்கள்.

சுற்றுலா வருகிற முன்வீல் டிரைவ் கார்களில் நீள ஷாப்ட்டே கிடையாது. 1983-ல் மாருதி 800 வந்தபோது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அடியில் படுத்து ஷாப்ட்டைத் தேடியதாகப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அங்கே கிராஸுக்குப் பதில் பந்து வைத்த சி.வி. ஜாயின்ட், 1920-களில் ஆல்ஃப்ரெட் ரெப்பா செய்த வடிவம். எவ்வளவு மடங்கினாலும் வேகம் ஆடாது. ரப்பர் பூட் கிழிந்து மண் போனால், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது 'கடகட' என்று சொல்லிவிடும். எலக்ட்ரிக் கார்களிலும் சக்கரத்தின் பக்கம் இதே தண்டுதான். இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது என்று மகிழ்கிறார்களே, அந்த முறுக்கும் இதன் வழியாகத்தான் திரும்பிப் போகிறது.

உடைந்த துண்டு எங்கள் கடை மேஜைக்கு வந்தது. பட்டறை அண்ணன் வலது ஆக்ஸிலை உருவிவிட்டு, அந்த வழியாக நீளக் கம்பி விட்டு, உள்ளே மாட்டிய மிச்சத்தைத் தட்டி வெளியே எடுத்திருந்தார். பல் ஆரம்பிக்கிற இடத்தில் உடைவு. உடைந்த முகத்தில் ஒரு ஓரம் கறுத்து, வழவழவென்று, வளையம் வளையமாக வரி ஓடியிருந்தது. மிச்சம் வெள்ளையாகச் சொரசொரப்பு. கறுத்த பகுதி பழைய விரிசல். மாசக்கணக்கில், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்தது. வெள்ளைப் பகுதி அன்றைக்கு ஒரே நொடியில் போனது. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் பாதி ஆக்ஸில்லயா ஓடுனேன்?"

"ஆமாண்ணே."

புது ஆக்ஸில் ஒன்று எடுக்கச் சொன்னார். "ஒண்ணு போதும், வலது நல்லாத்தான் இருக்கு" என்றார். பட்டறை அண்ணன் பதில் பேசவில்லை. பையனை விட்டு வலது ஆக்ஸிலைக் கொண்டுவரச் சொன்னார். பல் பக்கத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிட்டார். எடுத்துக் காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தார். சாக்பீஸைப் பொடித்து அந்த இடம் முழுக்கப் பூசினார். மறுமுனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளைப் பூச்சில், பல் ஆரம்பிக்கிற அதே இடத்தில், மண்ணெண்ணெய் கசிந்து மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு மெதுவாக எழுந்தது. சுற்றளவில் கால்வாசி இருக்கும்.

டிரைவர் இரண்டு ஆக்ஸிலும் வாங்கினார். விலை கேட்கவில்லை. ஹவுசிங் ஆயிலுக்கு மட்டும் முப்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வெகுநேரம் நின்றார்.